வண்டிச் சாவியைத் திருப்பிக் கேட்டு அண்ணாவுக்கு

வியாழக்கிழமை, இரவு

எப்போதும் மரியாதைக்கும், போன ஞாயிறு முதல் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மருமகள், இரண்டு புது டயர்கள் ஆகிய நால்வரும் சுகம். அங்கே நீங்கள், அண்ணி, என் வண்டிச் சாவி ஆகிய மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு எதற்கு இவளுக்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் "அண்ணா" என்று சொல்லி மூச்சு வாங்குவதற்குள் நீங்கள் "அதெல்லாம் சரிப்படாது" என்று முடித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கினேன், பாப்பாவுக்குச் சோறு ஊட்டி, கதை சொல்லித் தூங்கவைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன், இப்போது மணி பதினொன்றே கால். முழுக்கப் படியுங்கள். நடுவில் மூடி வைத்துவிட்டு அண்ணியிடம் "என்னதான் சொல்றா அவ?" என்று கேட்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கீழே வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின் டயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "என் தலையில இருக்கிற முடிகூட இதுல இல்ல. இதுலயா நாலு வயசுப் புள்ளைய நிக்க வச்சு ஓட்டிட்டிருக்க?" என்று கேட்டீர்கள். உங்கள் தலையை நன்றாகத் தெரிந்தவள் என்பதால் அந்த ஒப்புமையின் தீவிரம் எனக்கு உடனே புரிந்தது. அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை அண்ணா. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மழை பெய்த நாளெல்லாம் அவளை முன்னால் நிறுத்திக்கொண்டு போனதை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் அதோடு விடாமல் சாவியை உருவி உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "டயர் மாத்துற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும். நீ எங்க மாத்தப் போற. பேசாம வண்டிய வித்துட்டு, புள்ளைய வேன்ல அனுப்பு. வேலைக்கு அடுத்த வருஷம் போய்க்கலாம்" என்றீர்களே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்றைக்கேதான் ஆய்வுக்கூடத்தில் எனக்கு முதல் நாள். பள்ளிக்கூடம் ஒரு திசை, ஆய்வுக்கூடம் நேர் எதிர்த் திசை, நடுவில் இருப்பது அரை மணி நேரம். "வந்து போக வண்டி இருக்கா?" என்று நேர்முகத்தில் கேட்டதற்கு "இருக்கு சார்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்ன பிறகுதான் அந்த வேலையே கிடைத்தது. வேன் ஆறே முக்காலுக்கு வந்து ஊரையெல்லாம் சுற்றுகிறது. உங்கள் மருமகள் இரண்டாவது திருப்பத்திலேயே வாந்தி எடுப்பாள், உங்கள் காரில் எடுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெளியூரில் இருக்கும் உங்கள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு அழுதேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுக்கும் உங்க அண்ணனை ஒரு வார்த்த கேட்டுக்க" என்றார். புகாரே அண்ணன்மேல்தான் என்பது மனுஷனுக்கு உறைக்கவில்லை.

அழுதது பத்து நிமிஷம்தான். அப்புறம் எழுந்து பழைய பல் துலக்கும் பிரஷை எடுத்துக்கொண்டு கீழே போய், இரண்டு டயர்களின் பக்கவாட்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, அதில் இருந்த எழுத்து, எண், கோடு, புள்ளி எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. திங்கட்கிழமை காலையில் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இவரை எங்கள் கட்டடத்தில் 'அரைமணி' என்றுதான் சொல்வார்கள், எப்போது கூப்பிட்டாலும் அரை மணியில் வருகிறேன் என்பார், அது எந்த அரை மணி என்று சொல்ல மாட்டார். பதினோரு மணிக்கு வந்தவர் வண்டியைப் பார்த்துவிட்டு, கடைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று சாவி கேட்டார். சாவி அண்ணனிடம் இருக்கிறது என்றேன். சரி, உருட்டிக்கொண்டாவது போகலாம் என்று பார்த்தால் நீங்கள் கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பிப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். வண்டி வட்டமாகத்தான் போகும். கடைசியில் அவர் புகைக்குழாயைக் கழற்றி, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, வண்டியைச் செங்கல் மேல் உட்காரவைத்து, "அடுத்த தெருவுலதான் டயர்க்கடை. எடுத்துட்டுப் போய் மாத்தி வைங்க, நான் அரை மணியில வந்து மாட்டித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பாப்பாவுக்கு ஆறு மாதமானபோது இருந்த எடை. அந்த நினைப்பு வந்ததும் வழியும் தெரிந்துவிட்டது. மாடியிலிருந்து அவளுடைய பழைய தள்ளுவண்டியை இறக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டையும் படுக்கவைத்து, பெல்ட் போட்டு, மசகு யார் மேலும் படக்கூடாதே என்று அவளுடைய பழைய போர்வையையும் மேலே போர்த்தித் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். உங்கள் மருமகள் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பொறுப்பான அக்காவாக நடந்து வந்தாள். தெரு முனையில் தையல்கடை அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து, "ரெண்டாவது எப்ப பொறந்துச்சு? ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டு போர்வையைத் தூக்கினார். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "ரெட்டையா?" என்றார். நான் விளக்குவதற்குள் பாப்பா முந்திக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்ல. டாக்டர்கிட்ட போறோம்" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு நான் எதையும் விளக்கவில்லை. எதிரே வந்தவர்களெல்லாம் குழந்தை தூங்குகிறது என்று நினைத்து வழிவிட்டார்கள், ஒரு ஆட்டோக்காரர் ஹாரனைக்கூட அடக்கிக்கொண்டார். சாலையில் இவ்வளவு மரியாதை ஸ்கூட்டரில் போகும்போது எனக்குக் கிடைத்ததே இல்லை.

டயர்க்கடைக்காரர் நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். என் நோட்டின் இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே அளவு தெரிந்துவிட்டது, மிச்சத்தை மரியாதைக்காகக் கேட்டார். டயரை எடுத்து மேஜைமேல் போட்டதும் நான் முதலில் தேடியது பிறந்த தேதியை. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, டயரின் பக்கவாட்டில் சின்னதாக நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு, செய்தது எத்தனையாவது வாரம் என்பது, அடுத்த இரண்டு எந்த வருஷம் என்பது. கணக்குப் போட்டால், அவர் கொடுத்த டயர் பாப்பா நடக்கப் பழகிய மாதத்தில் செய்தது. மூன்று வருஷம் கடையில் சும்மா உட்கார்ந்திருந்த டயர். வேண்டாம் என்றேன். "ரப்பரும்மா இது. பால் பாக்கெட்டா, தேதி பாத்து வாங்க?" என்றார். "என் பொண்ணு ரப்பர் இல்லண்ணே. விழுந்தா அடிபடும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், ஏணியைப் போட்டுப் பரணில் ஏறி, தூசியோடு இருமிக்கொண்டே வேறு இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று ஆறு வாரத்துப் பிள்ளை, இன்னொன்று ஒன்பது வாரம். வால்வையும் புதிதாகப் போடச் சொன்னேன். பழைய வால்வை அவர் வளைத்துக் காட்டியபோது அடியில் வெடித்திருந்தது, நான் சொன்னது நல்லதாகப் போயிற்று என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். புது டயரை ரிம்மில் மாட்டிக் காற்று அடிக்கும்போது, ஓரம் போய் ரிம்மில் உட்காரும் இடத்தில் படார் என்று ஒரு சத்தம் வருமாம். அதை முன்கூட்டி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது டயருக்கு அவர் முதலிலேயே, "அம்மா, உக்காந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தார்.

ஆனால் அம்புக்குறி விஷயத்தில் ஜெயித்தது நான்தான். டயர் எந்தப் பக்கமாக உருள வேண்டும் என்று அதிலேயே ஓர் அம்பு போட்டிருக்கும். முன் சக்கரத்துக்கு அவர் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டார். இருபது வருஷமாக இதே வேலைதான் செய்கிறேன் என்றார். நான் சக்கரத்தைத் தள்ளுவண்டிக்கு முன்னால் நிமிர்த்தி நிறுத்தி, பிரேக் எந்தப் பக்கம் வரும் என்று காட்டி, அங்கேயே உருட்டிக் காண்பித்தேன். சக்கரம் முன்னால் போக, மேலே இருந்த அம்பு பின்னால் என்னைப் பார்த்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, கழற்றி மாற்றி மாட்டினார். அதற்குப் பிறகு கடைக்கு வந்த இன்னொருவரிடம் என்னைக் காட்டி, "இவங்க முன்னாடி எதையும் தப்பா மாட்ட முடியாது" என்றார். இதை நீங்கள் அண்ணிக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

அரைமணி அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து சக்கரங்களை மாட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு நட்டையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவரே ஒரு கட்டத்தில் "நீங்களே முறுக்குங்களேன்" என்று ஸ்பானரை நீட்டினார், முறுக்கினேன். இத்தோடு கடிதத்தை முடித்துச் சாவியைக் கேட்டிருக்கலாம். ஆனால் உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை, அதனால் செவ்வாய், புதன், வியாழன் கதையையும் சொல்லிவிடுகிறேன். டயர்க்கடையிலேயே காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று வாங்கி வந்திருந்தேன், பேனா பருமனில் இருக்கும், வால்வில் வைத்து அழுத்தினால் உள்ளேயிருந்து ஒரு குச்சி வெளியே வந்து எண்ணைக் காட்டும். பின் டயருக்கு இருபத்தொன்பது இருக்க வேண்டும். செவ்வாய் காலை ஏழு மணிக்கு இருபத்தொன்பது. பத்து மணிக்கு இருபத்தெட்டரை. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அட்டவணை போட்ட அதே நோட்டில், அடுத்த பக்கத்தில் இதற்கும் அட்டவணை போட்டேன். மத்தியானம் இருபத்தெட்டு, சாயங்காலம் இருபத்தேழு. அன்று முழுக்க மேகமூட்டம், குளிர்ச்சியில் காற்று சுருங்கும், அதனால் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். நான் இயற்பியல் படித்தவள், அழுத்தமும் வெப்பமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் புதன்கிழமை உச்சி வெயிலிலும் இறங்கியது. சந்தேகம் அதிகமாக அதிகமாக அடிக்கடி பார்த்தேன், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாகி, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவையாயிற்று. அடிக்கடி பார்க்கப் பார்க்க வேகமாக இறங்கியது. புதன் ராத்திரி பதினெட்டு. இடையில் வாட்ச்மேன்மேல்கூடச் சந்தேகப்பட்டேன், கடவுள் மன்னிக்கட்டும். "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். "இறங்கிட்டே இருக்குடி" என்பேன். "அப்ப நல்லதுதானே" என்பாள். குழந்தைக்கு என்ன தெரியும்.

இன்றைக்குக் காலையில் பதினான்கு. டயர்க்கடைக்காரருக்குப் போன் போட்டு, ஓட்டை டயரைக் கொடுத்துவிட்டீர்கள், இதில் ஒரு குழந்தை போக வேண்டும், உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று பொரிந்துவிட்டேன். பாவம், கடையைச் சாத்திவிட்டு மிதி பம்போடு வந்துவிட்டார். காற்று அடித்து, டயர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளித்து, வால்விலும் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நான் எப்படிப் பார்க்கிறேன் என்று ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். கேஜை வைத்ததும் உஸ் என்றது. ஒரு தடவை எடுத்த அளவை நம்பக்கூடாது, மூன்று தடவை எடுத்துச் சராசரி போட வேண்டும் என்று கல்லூரியில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் மறுபடி வைத்தேன், உஸ். மறுபடி, உஸ்.

"ஒரு நாளைக்கு இத மாதிரி எத்தன தடவ பாப்பீங்க?"

"நேத்து இருபத்திரண்டு தடவ."

"ஒவ்வொண்ணுக்கும் மூணா?"

"சராசரிக்கு."

அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். "அம்மா, டயர்ல ஓட்டை இல்ல. ஓட்டை உங்க கையில இருக்கு. இந்தக் குச்சிய முதல்ல யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்றார். பிறகு மறுபடியும் இருபத்தொன்பது வரும்வரை அடித்துக்கொடுத்துவிட்டு, எதுவும் வாங்கிக்கொள்ளாமல், போகும்போது பாப்பாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அண்ணா, ஒரு பட்டதாரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டாம். ஆனால் நன்றாக யோசித்துப் பாருங்கள், இதில் நிரூபணமானது என்ன? டயர் நல்ல டயர், மாட்டியது நன்றாக மாட்டியது, அறுபத்தாறு தடவை காற்றைத் திறந்துவிட்டும் ஒரே நாளில் உட்கார்ந்துவிடாத டயர். தப்பு என் பயத்தில் இருந்தது, அதையும் கண்டுபிடித்துத் தீர்த்தாயிற்று. அவர் சொன்னபடி கேஜையும் இன்று மத்தியானமே கையை விட்டுக் கழித்துவிட்டேன், உங்கள் மருமகளின் விளையாட்டு டாக்டர் பைக்குள் போட்டு, இனி இது உன்னுடையது, அம்மா கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள், வாட்ச்மேன் கண்ணெதிரில் ஒன்றரை மணி நேரம் சத்தமே இல்லாமல் சமர்த்தாக விளையாடிவிட்டு வந்தாள். எட்டு மணி நேரமாக நான் ஒரு தடவைகூட டயரைப் பார்க்கவில்லை. பால்கனியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதுதான் உங்களுக்கு நான் தரும் சான்று.

ஆகவே சாவியைத் தந்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் எங்கள் கீழ்வீட்டு அக்கா, உங்கள் அலுவலகத்தில் இரண்டாவது மாடியில்தான் வேலை பார்க்கிறார், காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்புவார். சாவியை உறையில் போட்டு அவரிடம் கொடுத்தால் போதும். நீங்கள் வர வேண்டாம், கோபத்தில் சொல்லவில்லை, தேவையில்லை என்பதால் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை நானும் பாப்பாவும் மெதுவாக, ஓரமாக, ஹெல்மெட் போட்டுக்கொண்டு போய்விடுவோம். யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு வண்டியைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும் என்பது இந்த வாரம் எனக்கே தெரிந்துவிட்டது. அண்ணியை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் மேல் உள்ள கோபத்தைக் குறைத்து, ஆசியை அப்படியே வைத்திருக்கும்படி வேண்டும்,

உங்கள் தங்கை

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை எட்டே கால். அண்ணா, மேலே எழுதியிருப்பதில் ஒரு வரியையும் இப்போதைக்குப் பொருட்படுத்த வேண்டாம். சாவி உங்களிடமே இருக்கட்டும். இதைப் பார்த்தவுடன் உங்கள் பெரிய பம்பை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வாருங்கள், இந்தக் கட்டடத்தில் யாரிடமும் பம்ப் இல்லை, டயர்க்கடை திறக்கப் பத்து மணியாகும். கடிதத்தைக் கொண்டுவரும் அக்கா பஸ்ஸில் வருகிறார், அவர் முகம் எப்படி இருந்தாலும் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். கீழே நிற்கிற ஒன்பது வண்டியும் ரிம்மில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது வீட்டுக்காரர்களும் சாப்பாட்டுப் பையோடு அதைச் சுற்றி நிற்கிறார்கள். வாட்ச்மேனைக் கேட்டால், "டாக்டரம்மா கேட்டாங்க, நான்தான் மூடியக் கழட்டிக் குடுத்தேன்" என்கிறார். என்னடி இது என்று கேட்டேன். உங்கள் மருமகள் பையைத் திறந்து ஒன்பது வால்வு மூடியையும் எடுத்துக் காட்டி, "எல்லாருக்கும் காய்ச்சல் நல்லா எறங்கிடுச்சும்மா" என்கிறாள்.